2003 ஜாகுவார் எக்ஸ்கே8: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

மூன்று வருஷத்துக்கு முன்பு 7,400 பவுண்டுக்கு 2003-ஆம் வருஷத்து ஜாகுவார் எக்ஸ்கே8 கூப்பே ஒன்றை வாங்கினேன். லண்டனில் அந்தப் பணத்துக்கு நன்றாக ஓடித் தேய்ந்த சின்ன ஹேட்ச்பேக்தான் கிடைக்கும். அதே பணத்தில் 4.2 லிட்டர் வி8 எஞ்சின், தோல் இருக்கை, வால்நட் மரப் பலகை எல்லாம் வருகிறது என்றால் யாருக்கும் கை பரபரக்கும். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்று, வாங்கும் விலைதான் பழைய காருடையது. பராமரிப்புச் செலவு, அது புதிதாக ஷோரூமில் நின்றபோது இருந்த அந்தஸ்துக்கு ஏற்றபடியே வரும். முதல் வருஷம் எனக்கு ஆனது 2,300 பவுண்டு. அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து வாங்குவது நல்லது.

எந்த வருஷத்து மாடல் என்பது முக்கியம். 1996 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 2005 வரை ஜாகுவாரின் கவென்ட்ரி பிரவுன்ஸ் லேன் ஆலையில் தயாரான கார் இது. ஆரம்பத்தில் வந்த 4.0 லிட்டர் எஞ்சினில் சிலிண்டர் சுவருக்கு நிக்கசில் என்ற நிக்கல் கலந்த பூச்சு. அன்றைய பெட்ரோலில் இருந்த கந்தகம் அந்தப் பூச்சை அரித்து, கம்ப்ரஷன் போய், பல கார்களுக்கு எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தது. 2000-இல் அந்தப் பூச்சை விட்டு, சிலிண்டருக்குள் பொருத்தும் எஃகு உறைக்கு (லைனர்) மாறினார்கள். அப்புறம் டைமிங் செயின் டென்ஷனர், அதாவது எஞ்சினுக்குள் ஓடும் செயினை இறுக்கமாகப் பிடித்து வைக்கும் பாகம். பழையவற்றில் அது பிளாஸ்டிக், விரிசல் விட்டு உடைந்தால் செயின் தளர்ந்து எஞ்சினே கெட்டுப்போகும். 4.0 வாங்குவதானால் டென்ஷனர் மாற்றிய பில்லைக் கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2003 மாடலில் வந்த 4.2-இல் இந்த இரண்டு கவலையும் இல்லை, ஆறு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக்கும் கூடவே வருகிறது. நான் 4.2-க்காகக் காத்திருந்தது அதனால்தான்.

முதலில் பார்த்தது வேறொரு கார். 31,000 மைல்தான், பெயின்ட் கண்ணாடி மாதிரி. டயர் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தேன் (தயாரான வாரமும் வருஷமும் அதில் இருக்கும்), பதினோரு வருஷத்து டயர். ஃபைலில் இரண்டே பில். அடியில் குனிந்தால் அப்போதுதான் அடித்த கறுப்புப் பெயின்ட் வாசனை. விட்டுவிட்டேன். கடைசியில் வாங்கியது 96,000 மைல் ஓடியது, ஒரே ஆள் பதினாலு வருஷம் வைத்திருந்து, ஹோஸ் கிளிப் மாற்றியதுக்குக்கூட ரசீது சேர்த்திருந்தார். மைல் குறைவு என்பதைப் பெரிய தகுதியாக நினைக்காதீர்கள். நின்றே கிடந்த காரில் ரப்பர் காயும், சீல் சுருங்கும், பிரேக் இறுகும். ஓடிக்கொண்டிருந்த காரில் அதெல்லாம் அவ்வப்போது மாற்றப்பட்டிருக்கும்.

எஞ்சினைவிட எனக்குப் பயம் துருதான். பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பக்கவாட்டுத் தகடு (சில்), முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் தரைத் தகடு, இந்த மூன்றையும் காரைத் தூக்கி நிறுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. போவதற்கு முன்பே அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எம்ஓடி (வருஷாந்திர தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள், இலவசம்தான். 'துரு' என்ற குறிப்பு வருஷா வருஷம் வந்துவிட்டுத் திடீரென்று ஒரு வருஷம் காணாமல் போனால், வெல்டிங் செய்தார்களா பெயின்ட் அடித்தார்களா என்று விற்பவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

வாங்கிய ஆறாவது மாதம், இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஓர் உதறல். பெரிய கராஜ் ஒன்றில் காட்டினேன், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று 3,800 பவுண்டு சொன்னார்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை. பிறகு ஜாகுவார் மட்டுமே பார்க்கும் ஒரு தனி மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றியது?" ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்ற ஆயில் அது. கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினார், 460 பவுண்டோடு உதறல் நின்றது. முன் ஷாக் அப்சார்பரின் மேல் புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது, இது வயதானால் எல்லா எக்ஸ்கே8-க்கும் வருவது. அதை மாற்றியதும் வேகத்தடையில் வந்த டொக் டொக் சத்தம் போயிற்று. டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக எரிந்தால், சென்சாரைத் தேடிப் போகும் முன் டிக்கியில் இருக்கும் பேட்டரியைச் சோதியுங்கள்.

இத்தனைக்கும் ஏன் வைத்திருக்கிறேன்? போன ஜூனில் லண்டனில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, எம்6 நெடுஞ்சாலையைப் பிடித்து, கிளாஸ்கோ தாண்டி, லாக் லோமண்ட் கரையோரமாக ஏ82-இல் ஏறி கிளென்கோ வழியாக ஃபோர்ட் வில்லியம் போய்ச் சேர்ந்தோம். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். இறங்கும்போது முதுகு வலி இல்லை, மனைவி அன்று சாயங்காலமே ஏரிக்கரையில் நடக்கப் போகலாம் என்றாள். நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தது, ஊருக்குள் ஆறு தாண்டாது. பின் இருக்கை பைகளுக்கு மட்டும்தான், வளர்ந்தவர்கள் உட்கார முடியாது.

லண்டன்காரர்கள் யூலெஸ் என்ற புகை மாசு விதியில் வண்டி தேறுகிறதா என்று எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள், தேறாவிட்டால் வண்டியை எடுக்கும் நாளெல்லாம் 12.50 பவுண்டு கட்டணம். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. இடது பின் சக்கர வளைவில் மட்டும் ஒரு துருக் கொப்புளம் தெரிகிறது. சாலையில் உப்புத் தூவ ஆரம்பிக்கும் முன், அக்டோபரிலேயே வெல்டிங்குக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.