ஆட்டு ரத்தமும் லீஷ்மன் சாயமும்: நுண்ணோக்கியோடு ஒன்பது வருடம்

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு இருகண் நுண்ணோக்கி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்பு, கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கும் பழைய ஒற்றைக்கண் கருவிகள்தான். திசுக்களையும் ரத்த அணுக்களையும் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட இந்தக் கருவி எவ்வளவு உதவியது, எங்கே படுத்தியது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

வாங்கும்போது எல்லோரும் 1000 மடங்கு பெரிதாக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். திசுக்களுக்கு அது தேவையே இல்லை. 10 மடங்கு, 40 மடங்கு லென்ஸ்கள் தாராளமாகப் போதும். நான் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வது, ஸ்லைடின்மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரையும், ஒளியைக் கூட்டிக் குறைக்க அதன் கீழே இருக்கும் ஐரிஸ் திரையையும். வரித்தசை ஸ்லைடை வைத்துவிட்டு, "வரியே தெரியல மேடம்" என்பார்கள் பிள்ளைகள். உடனே விளக்கைக் கூட்டுவார்கள், இன்னும் வெளுத்துப்போகும். ஐரிஸைக் கொஞ்சம் மூடினால் போதும், குறுக்கு வரிகள் எழுந்து வரும். இதயத்தசையில் செல்லும் செல்லும் இணையும் இடைச்செருகு தட்டுகளும் அப்படித்தான். எங்கள் கருவியில் ஐரிஸ் இன்றைக்கும் சிக்காமல் நகர்கிறது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

திசுக்களில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது வரியற்ற தசைக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் நடுவே. ஹிமடாக்ஸிலின்–இயோசின் சாயத்தில் இரண்டும் ரோஸ் நிறம், இரண்டும் இழை இழையாக ஓடும். உட்கருவைத்தான் பார்க்க வேண்டும். வரியற்ற தசையில் நீண்ட உட்கரு செல்லுக்கு நடுவில் இருக்கும். தசைநாணில் அது நசுங்கி, இழைகளுக்கு இடையே மெல்லிய கோடாகக் கிடக்கும். நிறத்தை நம்பாதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறேன். அதிலும் ஜன்னலோரம் வைத்திருந்த நிரந்தர ஸ்லைடுகளில் இயோசின் வெளுத்தே போய்விட்டது. இன்னொரு வருத்தம்: விலைக்கு வாங்கிய பெட்டி ஒன்றில் 'இதயத்தசை' என்று ஒட்டியிருந்த ஸ்லைடில் கிளை பிரியும் செல் ஒன்றுகூட இல்லை, உட்கருக்களெல்லாம் ஓரத்தில். அது சாதாரண எலும்புத்தசை. வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

ரத்தத்துக்குப் பிள்ளைகளின் விரலைக் குத்துவதை விட்டுவிட்டேன். இறைச்சிக் கடை அண்ணனிடம் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ போட்ட குழாயை முன்கூட்டியே கொடுத்துவிடுவேன். உப்புப் போட்டு வாங்கினால் சிவப்பணுக்கள் சுருங்கி முள்முள்ளாகிவிடும். ஆடு, கோழி இரண்டும் கிடைக்கும். தவளைக்குப் பழைய ஸ்லைடு இருக்கிறது.

ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம் இங்கே படுத்திய பாடு கொஞ்சமல்ல. இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1901-இல் வெளியிட்ட சாயம் இது. ரத்தம் தடவிய ஸ்லைடில் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம். அதிலுள்ள மெத்தனாலே செல்களைக் கண்ணாடியோடு நிலைநிறுத்திவிடும். பிறகு இரு மடங்கு தண்ணீர் விட்டு ஏழெட்டு நிமிடம். முதல் இரண்டு வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் விட்டேன். காரத்தன்மையுள்ள தண்ணீர், சிவப்பணு முதல் எல்லாமே நீலம் பாய்ந்துவிடும், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவின் செங்கல் நிறத் துகள்கள் தெரியவே தெரியாது. சாயத் தூள் மட்டம் என்று நினைத்து இரண்டு புட்டி மாற்றினேன். பிழை தண்ணீரில். அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் பிஹெச் 6.8 பஃபர் மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து விட்ட அன்றே எல்லாம் சரியாயிற்று.

கோழி ரத்தத்தை முதன்முதலில் பார்த்தபோது நானே ஏமாந்தேன். எங்கே பார்த்தாலும் சிவந்த துகள்களோடு வெள்ளையணுக்கள். இத்தனை ஈசினோஃபிலா என்று வியந்தேன். மனித ரத்தத்தில் அதிகம் காணும் வெள்ளையணு நியூட்ரோஃபில்; பறவைகளில் அதன் இடத்தில் இருப்பது ஹெட்டிரோஃபில். ஹெட்டிரோஃபிலின் துகள்கள் சிறு குச்சிகள்போல நீண்டு, சிவப்பாகச் சாயம் ஏற்கும். அன்றிலிருந்து முதலில் அளவு, பிறகு உட்கருவின் வடிவம், கடைசியில்தான் துகளின் நிறம் என்று வரிசையை மாற்றிக்கொண்டேன்.

அளவுக்குச் சிவப்பணுதான் அளவுகோல். மனிதச் சிவப்பணு சுமார் 7.5 மைக்ரோமீட்டர். வெள்ளையணுக்களில் சிறிய லிம்ஃபோசைட் அதைவிடக் கொஞ்சம் பெரிது. அவரைவிதைபோல் உட்கரு மடிந்த மோனோசைட் என்ற வெள்ளையணு சிவப்பணுவைப்போல் இரு மடங்கு. இதை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு மாணவி, ஆட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேடம், இதுல எல்லாமே மோனோசைட்டாத்தான் இருக்கு."

"சிவப்பணு எவ்வளவு பெரிசு இருக்குன்னு பாத்தியா?"

மனிதர் ஸ்லைடையும் ஆட்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். உளுந்துக்குப் பக்கத்தில் கடுகு. ஆட்டின் சிவப்பணு 3 முதல் 4 மைக்ரோமீட்டர்தான், அதன் பக்கத்தில் லிம்ஃபோசைட்டும் பெரிதாகவே தெரியும். அவள் பார்த்ததில் பெரும்பாலானவை லிம்ஃபோசைட்டுகள். ஆட்டு ரத்தத்தில் அவைதான் நியூட்ரோஃபிலைவிட அதிகம். அதன்பிறகு எங்கள் ரெக்கார்டு நோட்டில் எந்த விலங்கு, அதன் சிவப்பணு எவ்வளவு என்ற இரண்டும் முதல் வரியில் வருகின்றன.

பராமரிப்பில் நூறு மடங்கு லென்ஸ்தான் குழந்தை மாதிரி. அதற்கும் ஸ்லைடுக்கும் இடையே விடும் செடார் எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு ஐப்பசி விடுமுறையில் கருவியை உறையோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் நாற்பது மடங்கு லென்ஸுக்குள் பூஞ்சை வலை. சரிசெய்யக் கொடுத்த இடத்தில் முழுதும் போகவில்லை. இன்றும் அந்த லென்ஸில் ஓரம் மங்கல்தான். இப்போது மூடிய பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் வறுத்துக்கொள்கிறோம்.

இந்த வருடம் கண்ணருகு லென்ஸில் பொருத்தும் மைக்ரோமீட்டர் என்ற அளவுகோலும், அதைச் சரிபார்க்க மேடையில் வைக்கும் அளவு ஸ்லைடும் கேட்டு எழுதியிருக்கிறேன். வந்தால் ஆட்டின் அணுக்களைத்தான் முதலில் அளக்கப்போகிறோம்.