நிற்க வைக்கும் படமும் நடக்க வைக்கும் படமும்

1984 டிசம்பரில் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படத்தை எங்காவது ஒருமுறை பார்த்திருப்பீர்கள். 1946இல் ஆர்னால்ட் நியூமன் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தைப் புகைப்படக்காரர்களுக்கு வெளியே அத்தனை பேருக்குத் தெரியாது. இரண்டும் உருவப்படங்கள்தாம். பார்ப்பவரின் கண்ணை நடத்தும் விதத்தில் ஒன்றுக்கு ஒன்று நேரெதிர்.

மெக்கரியின் 105 மி.மீ. லென்ஸ் பின்னணியைக் கரைத்துவிட்டது. முகத்தைத் தவிரக் கண்ணுக்குப் போக்கிடம் இல்லை. எல்லாம் லென்ஸின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. செம்மண் நிறச் சால்வையின் கிழிசல்களைப் பாருங்கள். உள்ளேயிருந்து பச்சைத் துணி எட்டிப் பார்க்கிறது. பின்னணியும் பச்சை, கண்களும் பச்சை. அந்த நிறம் மூன்று இடத்தில் இல்லாதிருந்தால், மங்கலான பின்னணி மட்டும் நம்மை அவ்வளவு நேரம் நிறுத்தியிருக்காது. இன்று கைபேசியின் போர்ட்ரெய்ட் வசதி மங்கலை மட்டும் தருகிறது. காதோரத்து முடியையும் சேர்த்து மழித்துவிடுவது தனிக்கதை.

நியூமனின் படத்தில் மங்கலின் தயவே இல்லை. பியானோவின் கரிய மூடி பெரும்பகுதியை அடைத்து நிற்கிறது. இசையமைப்பாளர் இடது கீழ்மூலையில், தலையைக் கையில் தாங்கியபடி, சின்னதாக இருக்கிறார். கண் முதலில் கறுப்பில் மோதி, அதன் விளிம்பு வழியே சரிந்து, முகத்தில் வந்து விழுகிறது. மூடியின் வடிவமோ இசைக்குறிப்பில் சுரத்தைத் தாழ்த்தப் போடும் குறியைப் போலவே இருக்கிறது. நெகட்டிவில் இருந்ததை வெட்டிச் சுருக்கித்தான் நியூமன் இந்த அமைப்புக்கு வந்தார். படத்தைக் கேட்டிருந்த ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ் அதை வேண்டாம் என்றது!

நானும் இரண்டு வழியிலும் முட்டிப் பார்த்திருக்கிறேன், எங்கள் தெருத் தையல்காரரை வைத்து. முதலில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் துளையை அகலத் திறந்து), ஒன்றரை மீட்டர் தூரம். அந்தக் கணக்கில் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான். அருகிலிருந்த கண்ணின் இமைமுடியை எண்ணலாம். அவர் தலையைச் சற்றுத் திருப்பியிருந்ததால் மற்றக் கண் சொதசொதவென்று போய்விட்டது. கழுத்தில் தொங்கிய டேப், சாக்குக்கட்டி, தையல் இயந்திரம் எதுவுமே மிஞ்சவில்லை. படத்தைப் பார்த்தவர், “பாஸ்போர்ட்டுக்கா எடுத்தீர்கள்?” என்றார்.

பிறகு 35 மி.மீ., எஃப் 8 (துளையைச் சுருக்கி), இரண்டு மீட்டர். ஏறத்தாழ 1.4 மீட்டரிலிருந்து 3.3 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த ஹேங்கர், கொம்பு முளைத்ததுபோல் நின்றது. எரிந்துகொண்டிருந்த ட்யூப்லைட்டுக்குத்தான் கண் முதலில் போனது. வெளிச்சம் அதிகமுள்ள இடத்துக்கு ஓடுவது கண்ணின் சுபாவம். விளக்கை அணைத்து, இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து குத்துக்காலிட்டேன். இயந்திரத்தின் கறுத்த கழுத்து அவருடைய முகத்தை நோக்கிக் கைகாட்டியது. கொம்பும் மறைந்தது.

எல்லாம் தெளிவாகத் தெரிகிற படத்தில் துக்கடா விஷயம்கூடக் கண்ணைப் பிடுங்கிவிடும். 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் டோரதியா லாங்கே எடுத்த புலம்பெயர் தாயின் படத்தில், வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பின்னாளில் நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார் லாங்கே. அரசின் புகைப்படப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. என் ஓட்டு லாங்கேவுக்கு.

தொழிலோடு ஒன்றிப்போன மனிதர் என்றால் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன், பத்தில் எட்டு படம் வீணானாலும். தையல்காரர் கடையில் மாட்டியிருப்பதும் அந்தப் படம்தான். பாஸ்போர்ட் படத்தை அவர் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார்.