ஐயெல்ட்ஸ் கட்டுரை: கோச்சிங் சென்டரா, சொந்தப் படிப்பா, திருத்தித் தர ஓர் ஆளா?

வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸ் எழுதப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்தாலே போதும், அடுத்த கேள்வி ‘எந்த சென்டர்ல சேர்ந்திருக்க?’ என்பதுதான். சென்டரில் சேராமலும் எழுதலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. நான் மூன்று வழியையும் தொட்டுப் பார்த்தவள். திருச்சியில் ஒரு சென்டரில் கொஞ்ச காலம், பிறகு புத்தகமும் யூடியூபுமாகத் தனியே, கடைசியில் வீட்டில் எழுதிப் பணம் கொடுத்து ஒருவரிடம் திருத்தி வாங்கினேன். என் ஓட்டு மூன்றாவதற்கு. முதலிலேயே சொல்லிவிட்டேன், படிக்கிறவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

பேசப்போவது மேல்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் தேர்வில் வரும் ரைட்டிங் டாஸ்க் 2, அதாவது கட்டுரை மட்டும். லிஸனிங், ரீடிங் இரண்டுக்கும் விடைகள் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே இருக்கின்றன. எழுதிப் பார்த்து நாமே மார்க் போட்டுக்கொள்ளலாம். ஸ்பீக்கிங்குக்குக் கூடப் பேச ஓர் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கட்டுரைக்குத்தான் அந்த வசதி கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-இல் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொல்லுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். டாஸ்க் 2-இல் 250 சொல்லுக்குக் குறையாத கட்டுரை. முதலாவதற்கு 20, இரண்டாவதற்கு 40 நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் நடுவில் யாரும் மணி அடிக்க மாட்டார்கள், கடிகாரத்தை நாம்தான் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணில் டாஸ்க் 2-க்கு இரண்டு மடங்கு எடை. கட்டுரையை நான்கு அளவுகோலில் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறதா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சம பங்கு. இங்கே மதிப்பெண்ணுக்கு பேண்ட் என்று பெயர், உச்சம் 9.

இனி சென்டர். அதன் நல்லதைச் சொல்ல அதிக நேரம் ஆகாது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நேரத்துக்குப் போய் உட்கார வேண்டியிருக்கும், மாக் டெஸ்ட் நடக்கும், கூடப் படிக்கிறவர்களைப் பார்த்து ஒரு வேகம் வரும். கேள்வி வகைகளை முதல் வாரத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்: ஒத்துக்கொள்கிறாயா இல்லையா, இரு தரப்பையும் பேசு, நன்மை தீமை, பிரச்சினையும் தீர்வும். இதைத் தனியாகத் தேடித் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

சிக்கல் டெம்ப்ளேட்டில் தொடங்குகிறது. ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு கோடிட்ட இடத்தில் தலைப்பைச் செருகி, ‘டபுள் எட்ஜ்டு ஸ்வோர்ட்’ ஒன்றை வீசி, ‘டு கன்க்ளூட்’ என்று முடிக்கும் அச்சு. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும் என்பார்கள். எங்கள் சென்டரில் ஒரு படி மேலே போய், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வில் இத்தனை சதவீதம் பேர் இப்படிச் சொன்னார்கள் என்று நாமே ஒன்றைக் கற்பனை செய்து எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கேள்வித்தாளில், உன் அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணம் கொடு என்றுதான் தெளிவாகப் போட்டிருக்கிறது. பொய்ப் புள்ளிவிவரத்துக்குத் தனி மார்க் எதுவும் இல்லை.

இந்த டெம்ப்ளேட் ஏன் இப்படி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது என்று யோசித்தால், காரணம் தேர்வில் இல்லை, திருத்தும் நேரத்தில் இருக்கிறது. ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து, பத்தி பத்தியாகக் குறிப்பெழுதித் திருத்தக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும். பேட்ச்சில் 24 பேர் இருந்தால் ஒரு கட்டுரைக்கு 6 மணி நேரம். வாரம் இரண்டு என்றால் 12 மணி நேரம். காலை பேட்ச், மாலை பேட்ச் என்று ஓடும் ஆசிரியருக்கு அது எங்கே கிடைக்கும்? எல்லாரும் ஒரே அச்சில் எழுதினால் ஒரு நிமிடத்தில் டிக் அடித்துவிடலாம். எனக்குத் திரும்பி வந்த தாள்களில் பெரும்பாலும் ‘குட், இம்ப்ரூவ் வொக்கபுலரி’, பக்கத்தில் ஒரு 6, அவ்வளவுதான். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கும் நேரத்துக்கும் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பேட்ச்சில் ஐந்தாறு பேர் மட்டும் சேர்க்கும் சென்டர் உங்கள் ஊரில் இருந்தால் இந்தக் கணக்கே மாறும்.

தனியாகப் படிப்பதில் செலவு மிகக் குறைவு. கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய வினாத்தாள் புத்தகங்கள் இரண்டு மூன்று போதும். அவற்றின் கடைசிப் பக்கங்களைப் பலர் புரட்டுவதே இல்லை. தேர்வெழுதியவர்களின் கட்டுரைகளையே போட்டு, அதற்கு எந்த பேண்ட், ஏன் என்று தேர்வாளரின் கருத்தையும் அச்சிட்டிருப்பார்கள். 5 வாங்கிய கட்டுரையையும் 7 வாங்கிய கட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்தாலே சென்டரில் சொல்லாத பல விஷயம் புரியும். நான்கு அளவுகோலுக்கும் பேண்ட் வாரியாக என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற அட்டவணையும் இணையத்தில் இலவசம். ஆனால் என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதும்போதே விட்டிருப்பேனா? ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று பள்ளிக் காலத்திலிருந்து எழுதி வருகிறவளுக்கு அது தப்பென்று எந்த யூடியூபும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லாது.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். எங்கள் தெருவிலேயே கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். ஐயெல்ட்ஸ் பற்றி அவருக்கு அதுவரை அதிகம் தெரியாது. அந்த பேண்ட் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டேன். அட்டவணையைக் கொடுப்பது முக்கியம். இல்லையென்றால் நல்ல ஆங்கில ஆசிரியர்கூட இலக்கணத்தை மட்டும் திருத்திக் கொடுத்துவிடுவார், அது நான்கில் ஒரு பங்குதான்.

நகரப் பேருந்துகளில் எல்லாருக்கும் கட்டணமில்லாப் பயணம் கொடுக்கலாமா என்பது ஒரு தலைப்பு. நான் எழுதிய இரண்டாம் பத்தியில் நெரிசல் குறையும், புகை குறையும், ஏழைகளுக்கு உதவும், சுற்றுலா வளரும் என்று நான்கு காரணம் இருந்தது. வளமாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். சார் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது பத்தியா, பட்டியலா?” என்றார். மூன்றை அடித்துவிட்டு ஏழைகளுக்கு உதவும் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். யாருக்கு, எப்படி, அதனால் என்ன ஆகும் என்று ஓரத்தில் மூன்று கேள்வி. மறுபடி எழுதும்போது, 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை எடுத்துக்கொண்டேன். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண், பஸ் காசுக்குப் பயந்து பக்கத்துத் தெரு வேலையோடு நிற்காமல், ஊரின் மறு கோடியில் கூடுதல் சம்பளத்துக்குப் போகலாம். அந்தக் காசு வீட்டுச் செலவுக்கு மிஞ்சும். ஒரே காரணம், ஒரே ஆள், ஐந்து வாக்கியம். கேட்டதற்குப் பதில் சொல்வது என்ற அளவுகோலில் 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் வேலி பெரும்பாலும் இதுதான்: கருத்தைச் சொல்லிவிட்டு ஓடாமல் நின்று விரிப்பது. அட்டவணையில் இது எழுதித்தான் இருக்கிறது, நானும் படித்துத்தான் இருந்தேன். என் பத்தியில் ஒருவர் பேனாவால் அடித்துக் காட்டிய பிறகுதான் உறைத்தது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டுரை வாசனையும் அவர்தான் பிடித்தார். முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று எழுதிப் பழகிய கை. தலைப்பு எதுவானாலும் உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பிப்போம், நடுவில் ஒரு பொன்மொழி இல்லாவிட்டால் திருப்தி வராது. தமிழ்த் தேர்வில் அதற்கு மார்க் உண்டு. இங்கே முதல் பத்தியிலேயே உன் நிலைப்பாடு என்ன என்று தெரிந்தாக வேண்டும், கடைசி வரை அது மாறாமல் நிற்க வேண்டும். முன்னுரை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

இலக்கணத்தில் சார் செய்த ஒரு காரியம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காதது. தப்பைச் சிவப்பில் சுழிக்கும் முன், தப்பே இல்லாத வாக்கியங்களுக்கு மட்டும் ஓரத்தில் பச்சை டிக் போடுவார். பேண்ட் 7-க்குத் தப்பில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்பது நிபந்தனை. முதல் கட்டுரையில் ஓரம் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடந்தது. பெரிய தப்பு எதுவும் இல்லை. ஒரு ‘தி’ விட்டுப்போயிருக்கும், ‘ஒன் ஆஃப் தி’ என்று போட்டுவிட்டு ஒருமையில் முடித்திருப்பேன், ‘இன்ஃபர்மேஷன்’ பன்மையாகியிருக்கும். வாக்கியத்துக்கு ஒன்று வீதம் இருந்தால் போதும், ஒரு டிக்கும் விழாது. நீளமான வாக்கியங்களை இரண்டாக உடைத்ததும் டிக் கூடியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் தப்புகளை மட்டும் எழுதிவைத்து, அடுத்த கட்டுரையின் கடைசி மூன்று நிமிடம் அவற்றை மட்டுமே தேடினேன். பொதுவாகப் படித்துப் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. ‘தி’ எங்கே என்று தேடினால் படும்.

திருத்தி வந்த கட்டுரையை இரண்டு நாள் கழித்து, தாளைப் பார்க்காமல் முழுவதும் திரும்ப எழுத வேண்டும். புதுத் தலைப்பு எடுக்கத்தான் கை துடிக்கும். பழையதையே எழுதுவது சலிப்பான வேலை, யூடியூபில் இதைச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து மார்க் ஏறியது அங்கேதான்.

ஏஐ செயலிகளைக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். இலக்கணப் பிழை காட்டுவதில் வேகமும் துல்லியமும் நன்றாகவே இருந்தது, இலவசம் வேறு. பேண்ட் கேட்டால்தான் தடுமாற்றம்: ஒரே கட்டுரைக்கு ஒருமுறை ஒன்று சொன்னது, இன்னொரு முறை வேறொன்று. அதைவிடப் பெரிய ஆபத்து, கேட்காமலேயே கட்டுரையை அழகாகத் திருப்பி எழுதிக் கொடுத்துவிடும். படிக்க இனிக்கும், தேர்வு அறையில் அது நம் கையில் வராது. திருத்தி எழுதாதே, தப்பை மட்டும் காட்டு என்று சொல்லி வாங்கினால் ஆள் கிடைக்காத ஊரில் கை கொடுக்கும். இந்தக் கருவிகள் மாதத்துக்கொரு முறை மாறுகின்றன, என் கருத்து நான் பார்த்த காலத்தோடு நிற்கட்டும்.

பணக் கணக்கில், சாருக்குக் கொடுத்தது மொத்தமும் சேர்ந்து சென்டர் கட்டணத்தில் பாதியைத் தொடவில்லை. தேர்வுக் கட்டணமே 15,000 ரூபாயைத் தாண்டும்போது, இன்னொரு முறை எழுத நேராமல் இருப்பதுதான் பெரிய மிச்சம். சென்டர் மாக் டெஸ்ட்டில் 6-இலேயே நின்ற ரைட்டிங், தேர்வில் 7 வந்தது. ஒரே ஒருத்தியின் கதை இது, இடையில் காலமும் ஓடியிருக்கிறது. சாரால்தான் முழுவதும் ஏறியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் கணினியில் எழுதுவதாக இருந்தால், எழுத்துப் பிழை காட்டும் வசதியை அணைத்துவிட்டு நோட்பேடில் தட்டிப் பழகுங்கள். தேர்வுத் திரையில் சொல் எண்ணிக்கை தெரியும், ஆனால் எழுத்துப் பிழையை யாரும் அடிக்கோடிட்டுக் காட்ட மாட்டார்கள். போனில் எழுதிப் பழகியவர்களுக்கு அங்கேதான் அதிர்ச்சி. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்கனா என்ற கவலை வேண்டாம், இரண்டையும் ஏற்கிறார்கள்.

சென்டருக்கே போங்கள் என்று நான் சொல்வது இரண்டு வகை ஆட்களுக்கு. வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டில் தானாக உட்கார்ந்து எழுத மாட்டேன் என்று தன்னைத் தெரிந்தவர்கள் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு பத்தி கோர்ப்பதே கஷ்டம் என்ற நிலையில் இருப்பவர்கள் மற்றொன்று. அவர்களுக்குத் திருத்துபவரிடம் கொடுக்க முதலில் ஏதாவது இருக்க வேண்டும். பிடிஇ என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு என் யோசனை எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை. அங்கே கட்டுரைக்கு 20 நிமிடம், 200 முதல் 300 சொல், மதிப்பெண் போடுவதில் கணினிக்குப் பெரும் பங்கு. அதை நான் எழுதியதில்லை.

ரைட்டிங்கில் மட்டும் அரை பேண்ட் குறைந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு கதவு உண்டு. கணினியில் எழுதியிருந்தால் 60 நாளுக்குள் அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். மறுமதிப்பீடு கேட்பதென்றால் தேர்வுத் தேதியிலிருந்து 6 வாரத்துக்குள். மார்க் மாறினால் கட்டிய தொகை திரும்ப வரும். இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை, எது லாபம் என்று சொல்ல நான் ஆளில்லை. திரும்ப எழுதுவது என்று முடிவெடுத்தால், அந்த 60 நாளில் சொல்வளப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராமல், பழைய கட்டுரைகளின் இரண்டாம் பத்தியை மட்டும் எடுத்து யாரிடமாவது காட்டி விரித்து எழுதுங்கள். குறுகிய காலத்தில் மாற்ற முடிகிற இடம் அதுதான்.