பாயா, ரிஃபார்மரா? கர்ப்ப காலத்துக்கு எந்த பிலாட்டீஸ்

பிலாட்டீஸ் என்பது மூச்சைக் கவனித்தபடி வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் உடற்பயிற்சி. அதைத் தரையில் பாய் விரித்தும் செய்யலாம், சுருள்வில் பூட்டிய நகரும் பலகை கொண்ட ரிஃபார்மர் என்ற கருவியிலும் செய்யலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தாலோ கருப்பைவாய் பலவீனமாக இருந்தாலோ கட்டாயம் கேட்க வேண்டும்.

செலவு: பாய் பிலாட்டீஸுக்கு ஒரு விரிப்பு போதும். ரிஃபார்மருக்கு வகுப்புக் கட்டணம் உண்டு.

பிடிமானம்: பாய்க்குக் கீழே தரை அசையாது. ரிஃபார்மரில் சுருள்வில் இழுக்க, பலகை வழுக்கி ஓடும். வயிறு பெரிதாகி உடலின் சமநிலை மாறும்போது அதன்மேல் ஏறி நிற்கும் பயிற்சிகளை விட்டுவிடுவதே நல்லது.

மல்லாந்து படுப்பது: பாதிக் கர்ப்பம் தாண்டியதும் கருப்பையின் எடை முதுகுப்பக்கப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். பாயில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடலாம், ரிஃபார்மரில் முதுகுக்குச் சாய்மானம் வைத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

வயிற்றுத் தசை: இங்கேதான் தப்பு நடக்கிறது. தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவே கூம்பு மாதிரி புடைத்தால், அந்த அசைவு இப்போதைக்கு வேண்டாம். பாயில் தனியாகச் செய்பவர் இதைக் கவனிக்காமலே போகலாம், கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தரத் தெரிந்த பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் உடனே சொல்லிவிடுவார்.

கர்ப்பத்துக்கு முன்பே ரிஃபார்மரில் பழகியவர்கள் சுமையைக் குறைத்து, பயிற்றுநருடன் தொடரலாம். இப்போதுதான் தொடங்குகிறீர்களா? என் வாக்கு பாய்க்குத்தான், அதுவும் முதல் சில வாரங்களாவது நேரில் கற்றுக்கொண்டு. மூச்சை அடக்காமல், பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, விடாத வயிற்று இறுக்கம், இதில் ஏதாவது வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.