1971 பீட்டில்: பெற்றோல் செலவும் புகையும்

என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டில். 1300 மாடல், 1285 சிசி, காற்றால் குளிரும் எஞ்சின். கொழும்பில் அன்றாடப் பாவனைக்கே வைத்திருக்கிறேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், இந்தக் கார் நகரத்துக்குள் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றரைத் தாண்டாது. இன்று அதே காலி வீதி நெரிசலில் பத்தரை கிடைக்கிறது. ஏ9 வீதியில் வவுனியாவைத் தாண்டி யாழ்ப்பாணம் நோக்கி நிதானமாக ஓட்டினால் பதின்மூன்று வரை போகிறது. இதற்காகப் புதிதாக வாங்கிப் பூட்டியது மிகக் குறைவு. தொழிற்சாலை வைத்து அனுப்பியதையும் இடையில் யார் யாரோ கழற்றி எறிந்ததையும் தேடிப்பிடித்துத் திரும்பப் பூட்டியதுதான் வேலையின் பெரும்பகுதி.

முதலில் தெர்மோஸ்டாட். "இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கேட்டுத்தான் நம் நாட்டில் பெரும்பாலான பீட்டில்களில் அதைக் கழற்றிவிட்டார்கள். விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் தகட்டுக் கதவுகளும் கூடவே போய்விட்டன. கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வெளிக்காற்று 30 பாகையில் இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்ந்த காற்றுதான். தெர்மோஸ்டாட் 65 முதல் 70 பாகையில்தான் கதவுகளைத் திறக்கத் தொடங்கும். அதுவரை காற்றை மறித்து எஞ்சினை விரைவாகச் சூடேற்றும். கதவுகள் இல்லாத எஞ்சின் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுத் திரும்பும் தூரம் முழுவதும் அரைச் சூட்டிலேயே ஓடும். அப்போது பெற்றோல் சரியாக ஆவியாகாது, எரியாத மிச்சம் புகைக்குழாய் வழியே போகும். நகரத்துக்குள் குறுகிய தூரம் ஓடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய மிச்சம் வேறு எதிலும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு அடுத்தது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேற்றருக்குக் கீழே இருக்கும் உள்ளெடுப்புக் குழாய். அதை ஒட்டி மெல்லிய குழாய் ஒன்று ஓடும். சைலன்சர் பக்கத்துச் சூடான புகை அதன் வழியே போய்க் காபுரேற்றரின் அடிப்பகுதியைச் சூடாக்க வேண்டும். என் காரில் அது கரி படிந்து முற்றாக அடைத்துக் கிடந்தது. மழைக்காலக் காலைகளில் எஞ்சின் மூடியைத் திறந்தால் காபுரேற்றரின் கழுத்துக்குக் கீழே தண்ணீர்த் துளிகள் முத்து முத்தாக நிற்கும். உள்ளே பெற்றோல் ஆவியாகும்போது உலோகத்தின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கொழும்பின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தில் படிந்து நீராகிறது. அந்த அளவு குளிர்ந்த குழாயில் பெற்றோலும் சுவரோடு ஒட்டி ஒழுகும். கம்பியை விட்டுக் குடைந்து, சூடாக்கி, காற்றடித்துக் கரியை எடுத்தோம். இப்போது ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் குழாயின் இரண்டு முனையிலும் கை வைக்க முடியாது. தண்ணீர்த் துளியும் இல்லை, புறப்படும்போது வந்த திக்கலும் இல்லை.

மூன்றாவது, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர். எனக்குக் கிடைத்தபோது காரில் இருந்தது எல்லாரும் வாங்கிப் பூட்டும் 009 என்ற வகை. இது எஞ்சினின் வேகத்தை மட்டும் பார்த்துத் தீப்பொறியை முன்தள்ளும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சமவெளியில் அக்சிலரேற்றரை மெல்ல மிதித்து ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது மெதுவாகவே எரியும், ஆகவே பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெற்றிடத்தால் இயங்கும் சிறிய டப்பா உள்ள பழைய வகை. அதைப் போட்டு, வெற்றிடக் குழாயைச் சற்று நேரம் கழற்றி வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வர 7.5 பாகைச் சுழற்சி இருக்கும்போது பொறி வரும்படி ஸ்ட்ரோப் விளக்கில் பார்த்து நேரத்தை வைத்தேன்; பிறகு குழாயைத் திரும்ப மாட்டினேன். ஏ9 வீதியில் கிடைத்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி இதனால்தான்.

காபுரேற்றருக்குள் காரை முன்பு வைத்திருந்தவர் பெரிய ஜெற், அதாவது பெற்றோலை அளந்து விடும் துளை, போட்டிருந்தார். பிளக்குகள் அடுப்புக்கரி போல இருந்தன. காபுரேற்றருக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவைக்கான ஊசி வால்வும் தேய்ந்து கசிந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு புகைப் பரிசோதனை அறிக்கையில் காபனோரொட்சைட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க எல்லாரும் வருடாவருடம் அந்தத் தாளை வாங்குகிறோம், வாங்கியதும் மடித்து வைத்துவிடுகிறோம். அதை ஊன்றிப் பார்க்க வேண்டும். காபனோரொட்சைட்டு கூடினால் கலவையில் பெற்றோல் அதிகம். அது சரியாக இருந்தும் ஐதரோகாபன் கூடினால் எங்கோ பொறி தவறுகிறது, அல்லது வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். என் காரில் இரண்டாவதுதான் நடந்தது. வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் 0.15 மில்லிமீற்றருக்கு வைத்ததும் அடுத்த அறிக்கையில் அந்த எண் விழுந்துவிட்டது. மூன்றாம் சிலிண்டரைத் தவறாமல் பாருங்கள். எண்ணெய்க் குளிரூட்டி விசிறிக் கூட்டுக்குள்ளேயே இருக்கும் எஞ்சின்களில் அதன் தடுப்பால் அந்தச் சிலிண்டருக்குத்தான் காற்று குறைவாகக் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன் என்று ஜெற்றைச் சிறிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுதாக எரிவதற்கான கணக்கு. தண்ணீரால் குளிரும் எஞ்சின் அதை எளிதாகத் தாங்கும். நம் எஞ்சினில் சிலிண்டர் தலையைக் குளிர வைப்பதில் அந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும் பெற்றோலுக்கும் பங்கு உண்டு. கண்டி போகும் வழியில் உள்ள கடுகண்ணாவை ஏற்றத்தில் பெற்றோல் குறைந்த மெல்லிய கலவையோடு இழுத்தால் தலை அளவுக்கு மீறிச் சூடாகும், வால்வு எரியும், நைதரசன் ஒட்சைட்டுகளும் கூடும். மூன்றாம் சிலிண்டர் பிளக்கின் அடியில் வளையம் போல் மாட்டும் வெப்பமானியை வாங்குங்கள். நான் செலவழித்ததில் மிகவும் பயனுள்ள பணம் அதுதான். நுவரெலியா போகும்போது நிலைமை தலைகீழ். 1868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்து, கலவை தானாகவே பெற்றோல் கூடியதாகிவிடும். அங்கே புகை கறுத்தால் கீழே இறங்கும் வரை எதையும் தொடாதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளின் ரப்பர்கள் கிழிந்திருந்தால் கீழிருந்து சூடான காற்று மேலே ஏறும், மாற்றுங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள்; பிரேக் உரசினால் அதுவும் பெற்றோலைத் தின்னும். ரயர் 155 அளவே போதும், அகலமானது வேண்டாம். பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தம், காற்றோடு நீராவி கலக்கும் போத்தல் போன்றவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

காபுரேற்றருக்குப் பதிலாகப் பெற்றோல் உட்செலுத்தியும் புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் பூட்டலாமா என்று கேட்கிறார்கள். அந்த வழியைத் தொழிற்சாலையே போய்ப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பிய பீட்டில்களில் 1975இல் உட்செலுத்தி வந்தது. 2003 ஜூலையில் உற்பத்தி நிற்கும் வரை மெக்சிக்கோவின் புவெப்லா ஆலையில் உட்செலுத்தியோடும் சுத்திகரிப்புக் கருவியோடும் செய்தார்கள். புகையைப் பொறுத்தவரை அதற்கு எந்தக் காபுரேற்றரும் ஈடாகாது. கைவசம் பணமும், வயரிங் தெரிந்த நல்ல மெக்கானிக்கும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மேலே சொன்ன கதவுகளையும் குழாயையும் வால்வுகளையும் முதலில் சரிசெய்துவிட்டுச் செய்யுங்கள்.