எம்ஜிபி முன்சில்லு எலைன்மென்டில் 46,500 ரூபாய் போனது, நீங்களாவது கவனம்

நேற்றுப் பின்னேரம்தான் முழுக் கதையும் தெரியவந்தது. இரவு நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதை வாசியுங்கள். எலைன்மென்டுக்கு, அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்ய, கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1967 எம்ஜிபி, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். அப்பா ஓடியது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோது இது கொட்டிலுக்குள் தறப்பாளுக்குக் கீழே கிடந்து எப்படியோ தப்பியது. கொஞ்ச நாளாகப் பண்ணைப் பாலத்தில் போகும்போது இடப்பக்கம் இழுத்தது. வேகம் 60ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறியது. முன்சில்லு திரும்பும் அச்சாணிதான் கிங் பின், அதைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் புஷ். அந்த புஷ் தேய்ந்திருக்கும் என்று லண்டனிலுள்ள சித்தப்பா இரண்டு பக்கத்துக்கும் புது செட் அனுப்பிவைத்தார்.

கொண்டுபோனது நகரத்தில் உள்ள ஒரு கணினி எலைன்மென்ட் கடைக்கு. பெயர் எழுதவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி அறை, சுவரில் பெரிய திரை. முதலாளிப் பெடியன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பொனெட்டைத் தடவினான். "எங்கட அப்பப்பாட்டையும் பழைய மொரிஸ் ஒண்டு நிண்டது அண்ணை. இதை நானே பக்கத்தில நிண்டு செய்விக்கிறன். நீங்கள் ஆறுதலா வீட்டை போங்கோ." அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். சாவியையும் புஷ் பெட்டியையும் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா ஒருநாளும் அப்படிச் செய்தவரில்லை. கராச்சில் வாங்கைப் போட்டு வேலை முடியும்வரை இருப்பார்.

இரண்டு மணித்தியாலத்தில் கோல் வந்தது. பற்றுச்சீட்டில் கிங் பின் புஷ் மாற்றியது, கேம்பர் சரிசெய்தது, காஸ்டர் சரிசெய்தது, டோ-இன் வைத்தது என்று நான்கு வரி. கேம்பர் என்றால் சில்லு வெளியே அல்லது உள்ளே சாய்ந்து நிற்பது, காஸ்டர் என்றால் கிங் பின் பின்னுக்குச் சாய்ந்து நிற்பது, டோ-இன் என்றால் முன்சில்லு இரண்டும் முன்பக்கம் சற்று நெருங்கி நிற்பது. மொத்தம் 46,500 ரூபாய். கூடவே ஒரு கலர்த் தாள், எல்லா இலக்கமும் பச்சை. எண்ணிக் கொடுத்தேன்.

எம்ஜிபியில் கேம்பரையும் காஸ்டரையும் சரிசெய்ய ஒரு திருகாணிகூட இல்லை. கேம்பர் வெளிப்பக்கமாக 1 பாகை, காஸ்டர் 7 பாகை. அது தொழிற்சாலையில் அமைத்தபடிதான். மாறியிருந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் வளைந்திருக்கிறது. நாங்கள் திருப்பக்கூடியது டோ-இன் மட்டும், அதுவும் 1.5 மில்லிமீற்றரில் இருந்து 2.3 வரை. ஆக, காரில் இல்லாத வேலைக்கும் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்!

இரண்டு கிழமையில் முன் ரயர் பிழையாகத் தேயத் தொடங்கியது. கையை வைத்து உள்பக்கமாகத் தடவினால் வழுக்கியது, திரும்ப வெளியே இழுத்தால் அரம் மாதிரிக் கையைப் பிடித்தது. திரும்பப் போனேன். "றோட்டுப் பிழை அண்ணை." அடுத்த முறை, "பழைய காருக்கு இப்பிடித்தான்." அடுத்த முறை, செய்த ஆள் கொழும்புக்குப் போய்விட்டாராம். கழற்றிய பழைய புஷ்ஷைத் தாருங்கள் என்றால் குப்பைக்குப் போய்விட்டதாம். வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. 46,500 ரூபாய் வாங்கியவனுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை.

நேற்றுக் கொக்குவிலில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. "இப்ப பிரேக்கை மிதி தம்பி" என்றார். மிதித்தேன். அப்பவும் ஆடியது. பெயரிங் தளர்வென்றால் பிரேக் பிடித்தவுடன் நின்றுவிடும், நிற்காவிட்டால் கிங் பின் என்றார். பிறகு நகத்தால் நட்டைச் சுரண்டினார். புதுக் கறுப்புப் பெயின்ற் செதிலாக உரிந்தது, கீழே பழைய துரு. நட்டைப் பூட்டும் கம்பிப் பின்கூடப் பழையதுதான், அசைக்கவே இல்லை. "ரெண்டு மணித்தியாலத்தில இதுக்குப் புஷ் போடேலாது தம்பி. அமத்தி இறக்கி, துளையை அளவுக்குக் கடையிற ரீமர் விட வேணும்."

அதோடு முடியவில்லை. டோ-இன் வைக்கிறோம் என்று, ஸ்டியரிங்கையும் சில்லுகளையும் இணைக்கும் இரண்டு ராட்டில் (கம்பியில்) ஒரு பக்கத்தை மட்டும் திருப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட ஐந்து புரி கூட வெளியே நிற்கிறது. ஸ்டியரிங் கோணலாக நிற்க, வளையத்தைக் கழற்றி நேராக மாட்டி மறைத்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் வலப்பக்கம் ஒரே வெட்டில் போகிற கார் இப்போது ஒருக்கால் பின்னுக்கு எடுத்துத்தான் திரும்புகிறது. ஏனென்று யோசித்துக்கொண்டே இருந்தேன்!

விபரமாக எழுத இருந்தேன், எரிச்சலில் முடியவில்லை. முதலில் ஆட்டம் பாருங்கள், பிறகுதான் எலைன்மென்ட். இரண்டு ராட்டும் சமமாகத் திருப்பச் சொல்லுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

நாளை நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் அடிக்கப்போகிறேன். சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தப் புது புஷ் செட் எங்காவது விலைக்கு வந்தால் எனக்கு அறிவியுங்கள், பெட்டியின் மூடியில் நீல மையில் அப்பாவின் பெயர் எழுதியிருக்கும்.