மூன்று வருடமாக ஒரே பேமெண்ட் சேவை: பார்சல் மாறிப் போனபோது நடந்தது

சாயல்குடி பக்கம் கடலோரத்திலிருந்து கருப்பட்டியும் முண்டு மிளகாயும் ஆன்லைனில் விற்கிறேன். 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர்கள் கூடின; அப்போதுதான் இந்தப் பேமெண்ட் சேவையில் சேர்ந்தேன். அன்றாடப் பயன்பாட்டில் குறை இல்லை. வாங்குபவருக்கு லிங்க் அனுப்பினால் பணம் வந்துவிடும், இரண்டு நாளில் என் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். பிடித்தம் 2 சதவீதம், அந்தப் பிடித்தத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.

பார்சல் மாறிப் போனால்தான் சிக்கல்.

2025 பதநீர் சீசனில் கோவைக்கு 5 கிலோ கருப்பட்டி அனுப்பினேன். கடற்காற்றில் கசிந்துவிடும் என்று ஓலைக்கொட்டானில் கட்டி, மேலே பாலித்தீன் சுற்றியிருந்தேன். டிராக்கிங்கில் 'டெலிவர்டு' என்று வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து அந்த அம்மா போன் செய்து, "தம்பி, பார்சல் வரவே இல்லையே" என்றார். விசாரித்தால், மூன்றாவது தெருவுக்குப் போக வேண்டியதை மூன்றாவது குறுக்குத் தெருவில் கொடுத்திருக்கிறார்கள். கூரியரிடம் கேட்டு வாங்கிய டெலிவரி சீட்டில் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, ஒரு கிறுக்கல் மட்டும். அந்த அம்மா இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி தன் வங்கியில் புகார் கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை.

உடனே என் அடுத்த செட்டில்மெண்டில், அதாவது என் கணக்குக்கு வர வேண்டிய தொகையில், 2,350 ரூபாயைப் பேமெண்ட் சேவை பிடித்துக்கொண்டது. ஆதாரம் தர 7 நாள். டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். போதாது என்று ஒரே வரியில் பதில். யார் கையில் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், கூரியர் ஆபீசிலேயே உட்கார்ந்து தவறை எழுதி வாங்கியிருப்பேன். கூரியரோ ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, 100 ரூபாய்க்கு மேல் பொறுப்பில்லை என்றது. கருப்பட்டி காய்ச்சிய அண்ணனுக்கு நான் முன்பே ரொக்கம் கொடுத்தாயிற்று.

2025 அக்டோபரில் ஸ்பீட் போஸ்ட்டில் ஓடிபி டெலிவரி வந்தது; வாங்குபவர் போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் பார்சலைக் கொடுப்பார்கள். 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதல். இப்போது 1,000 ரூபாயைத் தாண்டிய ஆர்டர் எல்லாம் அதில்தான் போகிறது. அப்புறம் இன்னொரு 'வரவில்லை' புகார் வந்தபோது, ஓடிபி டெலிவரிக்குக் கட்டிய ரசீதையும் டிராக்கிங் விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன், பணம் திரும்பியது. ஆனால் 38 நாள் ஆனது. சீசனில் 38 நாள் என்பது அடுத்த சரக்கு வாங்க வைத்திருந்த பணம்.

சேவையை மாற்றவில்லை. அவர்களிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டது ஒன்றுதான்: பணத்தைப் பிடிக்கும் அன்றே, எந்த ஆதாரம் செல்லும், எது செல்லாது என்று தமிழில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.